டைனோசர் காலத்து ரேடியோலேரியாக்களை வகைப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் வார இறுதிகளில் மாணவர்களுக்கு நடத்தும் நுண்ணோக்கி வகுப்புக்கு நான் தவறாமல் எடுத்துச் செல்வது, கெடாவில் எடுத்த, ரேடியோலேரியாப் புதைபடிவங்கள் உள்ள ஒரு கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து ஒட்டிய கண்ணாடித் தகடு. அதைப் பார்த்த பிள்ளைகளும், பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோரும், நிலவியல் படிக்கத் தொடங்கிய சில பல்கலைக்கழக மாணவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே மாற்றி மாற்றிக் கேட்டு வந்தார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவற்றுக்குச் செல்லும் வரிசையில் விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், இது பூச்சியா, செடியா, சிப்பியா?

மூன்றுமில்லை. ரேடியோலேரியா என்பவை கடலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிரிகள். இன்றைய பெருங்கடல்களிலும் அவை உள்ளன. சிப்பி தன் ஓட்டுக்குள் குடியிருக்கிறது. ரேடியோலேரியாவின் சட்டகமோ, நம் எலும்பைப் போல உடலுக்குள், அதாவது அந்த ஒற்றைச் செல்லின் கூழுக்குள் உருவாகிறது. சட்டகம் கண்ணாடியைப் போன்ற சிலிக்காவால் ஆனது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவே இருக்கும். ரவைத் துகள் இவற்றுக்கு முன் பெரிய பாறாங்கல்.

ஜெர்மானிய உயிரியலாளர் ஜொஹன்னஸ் முல்லர் 1858இல் இந்தப் பெயரைச் சூட்டிய பிறகு, இதன் எல்லை பலமுறை மாறியிருக்கிறது. அக்காந்தேரியா என்னும் பிரிவின் சட்டகம் ஸ்ட்ரான்ஷியம் சல்பேட்டால் ஆனது; உயிரி இறந்ததும் அது கடல்நீரில் கரைந்துவிடுவதால் பாறையில் எஞ்சுவதில்லை. பியோடேரியா என்னும் பிரிவு இன்று வேறொரு கிளைக்கே மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே புதைபடிவ ரேடியோலேரியா என்று சொல்லும்போது, பாலிசிஸ்டின் எனப்படும் சிலிக்காச் சட்டகக் குழுவையே குறிக்கிறோம்.

தமிழில் இதற்குப் பெயர் இல்லையா?

சிலர் ஆரம், கதிர் ஆகிய சொற்களைக் கொண்டு பெயர் ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள். பெயரின் பொருளுக்கு அவை பொருந்தும். எனினும் வகைப்பாட்டுப் பெயர்கள் உலகெங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியவை என்பதால், ரேடியோலேரியா, அதன் ஒரு வரிசையான நாசெல்லேரியா போன்றவற்றை ஒலிபெயர்த்து எழுதுவதே குழப்பம் குறைந்த வழி என்பது என் கருத்து. உறுப்புகளின் பெயர்களுக்குத் தமிழ் தாராளமாகப் போதும்: தலையறை, மார்பறை, வயிற்றறை, துளை, விலா, முள் என்று நான் எழுதுகிறேன்.

டைனோசர் காலம் என்று ஏன் சொல்கிறீர்கள்? டைனோசர் இதைத் தின்றதா?

இல்லை. ஏறத்தாழ 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான மீசோசோயிக் ஊழியை மக்கள் உடனே புரிந்துகொள்ளும் அடையாளம் அது, அவ்வளவுதான். அந்த ஊழிக்குள் திரியாசிக், ஜுராசிக், கிரிட்டேசியஸ் என்னும் மூன்று காலங்கள் அடங்கும். முதல் இரண்டின் எல்லை 201 மில்லியன், அடுத்தது 145 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். ரேடியோலேரியாவின் வரலாறு டைனோசர்களுக்கு வெகு முன்னரே, கேம்பிரியன் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

மலேசியாவில் டைனோசர் கிடைத்ததா என்ற துணைக்கேள்வியும் உடன் வரும். பஹாங்கின் உட்பகுதியில் 2012இல் கிடைத்த ஒரு பல்லை, நாட்டின் முதல் டைனோசர் புதைபடிவம் என்று மலாயாப் பல்கலைக்கழகம் 2014இல் அறிவித்தது. அது நிலத்துப் படிவுகளில் கிடைத்தது. நம் ரேடியோலேரியாக்கள் ஆழ்கடல் படிவுகளில் கிடைப்பவை.

பினாங்கிலேயே தேடலாமா, அக்கா?

பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. பாறைக்குழம்பு ஆழத்தில் உறைந்து உருவான கல்லில் கடல் உயிரியின் சட்டகம் இருக்க வழியில்லை. பினாங்குமலை முழுவதையும் உடைத்தாலும் ஒன்றும் தேறாது. கோலாலம்பூர் நண்பர்கள் பத்துமலையைக் காட்டிக் கேட்பார்கள். அது சிலூரியன் காலச் சுண்ணப்பாறை. டைனோசர்களைவிட மிகப் பழையது, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்காக மாறியது.

ஆனால் பாலத்தைக் கடந்து கெடாப் பக்கம் போனால் நிலைமை வேறு. வட பேராக்கிலும் கெடாவிலும் பரவியிருக்கும் செமாங்கோல் பாறைத்தொகுதியில் செர்ட் என்னும் கடினமான சிலிக்காப் பாறை அடுக்குகள் உள்ளன. திரியாசிக்குக்கு முந்தைய காலமான பெர்மியன் முதல் திரியாசிக் வரையிலான ரேடியோலேரியாக்கள் அவற்றிலிருந்து பதிவாகியுள்ளன. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பசீர் ஜாசின் இத்துறையில் செய்த பணி, நம் நாட்டுச் செர்ட்டுகளைப் படிக்கும் எவரும் தொட்டே ஆக வேண்டியது. தீபகற்பத்தின் நடுவே செல்லும் பெந்தோங் – ரவுப் வலயத்துச் செர்ட்டுகள் பெரும்பாலும் டெவோனியன் முதல் பெர்மியன் வரையிலானவை. அதாவது டைனோசர்களுக்கு முந்தையவை. கிரிட்டேசியஸ் கால ரேடியோலேரியாவைக் காண வேண்டுமானால், சபாவில் கடலடி எரிமலைப் பாறைகளோடு சேர்ந்து கிடக்கும் செர்ட்டுகளுக்குப் போக வேண்டும்.

கல்லைப் பார்த்ததும் உள்ளே இருக்கிறதா என்று தெரியுமா?

ஓரளவு தெரியும். அடுக்குச் செர்ட், சில சென்டிமீட்டர் தடிப்புள்ள பட்டைகளாக, இடையிடையே மெல்லிய களிமண் பாறையோடு, அடுக்கி வைத்த புத்தகங்களைப் போல நிற்கும். எஃகுக் கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் எஃகுதான் கல்லில் கோடாகப் படியும். புதிதாக உடைந்த முகத்தை நனைத்துப் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியால் பார்த்தால், குத்தூசி முனை அளவில் மங்கிய அல்லது கறுத்த புள்ளிகள் தென்படலாம். அவையே நாம் தேடுபவை. சிவப்புச் செர்ட்டில்தான் இருக்கும், சாம்பல் நிறத்தில் இருக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது சரியன்று. சிவப்பு என்பது ஆக்சிசனேறிய இரும்பின் நிறம், வேறொன்றுமில்லை.

புள்ளி தெரிவதால் உள்ளே நல்ல சட்டகம் இருக்கிறது என்று பொருளாகாது. முதலில் ஓப்பலாக இருக்கும் சிலிக்கா, புதையுண்டபின் படிப்படியாகக் குவார்ட்சாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் நுண்ணிய வேலைப்பாடு பல வேளைகளில் அழிந்து, உருண்டையின் நிழல் மட்டும் எஞ்சும். நெடுஞ்சாலை வெட்டுமுகங்களிலும் குவாரிகளிலும் அனுமதியின்றி ஏறாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வினிகர் ஊற்றிப் பிரித்தெடுக்கலாமா?

செர்ட்டில் முடியாது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், சிலிக்காவைத் தொடாது. அதனால் சுண்ணப்பாறைக்குள்ளோ சுண்ணாம்புக் கட்டிகளுக்குள்ளோ இருக்கும் ரேடியோலேரியாக்களை அந்த வழியில் விடுவிக்கலாம்; உண்மையில் மிக அழகாகப் பாதுகாக்கப்பட்ட மாதிரிகள் பல அப்படிப்பட்ட கட்டிகளிலிருந்தே கிடைத்துள்ளன. செர்ட்டில் கல்லும் சிலிக்கா, சட்டகமும் சிலிக்கா. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டைப் பயன்படுத்தி, மிகவும் நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் பல மணி நேரம் ஊறவைத்து, மேற்பரப்பை மட்டும் அரித்து, வெளிவருவதை நுண்சல்லடையில் கழுவிச் சேர்ப்பார்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இம்முறை வேரூன்றியது; எமில் பெசாக்னோவும் உடன் பணியாற்றியவரும் 1972இல் வெளியிட்ட செய்முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது.

இதை எந்த நிலையிலும் வீட்டில் செய்யக் கூடாது. நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே போகலாம். அதற்குள் அது உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகும். வாயுவெளியேற்றும் பெட்டியும் முழுக் காப்பு உடையும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமே உரிய வேலை இது. இந்த ஒரு விடையில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

இணையத்தில் ஹெக்கலின் படங்கள் இருக்கின்றனவே, அவற்றோடு ஒப்பிட்டால் போதாதா?

படங்கள் அற்புதமானவை, என் வகுப்பறைச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது. ஆனால் அவற்றைக் கொண்டு மீசோசோயிக் மாதிரிகளுக்குப் பெயர் வைக்க முடியாது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் சேகரித்தவற்றை ஆராய்ந்து, எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1887இல் வெளியிட்ட அறிக்கையில் 3,500க்கு மேற்பட்ட புதிய சிற்றினங்களைப் படங்களோடு விவரித்தார். அவர் முதன்மையாகக் கண்டது இன்றைய கடலடிச் சேற்றிலும் ஒப்பளவில் இளைய படிவுகளிலும் இருந்தவை. டைனோசர் காலத்தவை வேறு கூட்டம்.

அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய முறையில் உள்ளது. ஹெக்கல் வடிவக்கணிதத்தை அடிப்படையாகக் கொண்டு பிரித்தார்: எத்தனை கோளங்கள், எத்தனை முட்கள், எத்தனை கால்கள், எந்தச் சமச்சீர். அட்டவணை அழகாக நிரம்பும். ஆனால் வளர்ச்சி நிலையால் ஒரு கோளம் கூடுதலாக இருப்பதும், ஒரு முள் ஒடிந்திருப்பதும்கூட அம்முறையில் வேறு பேரினமாகிவிடலாம். புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கோலங்களை வகைபிரித்தால், நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, சிக்குக் கோலமா சித்திரக் கோலமா என்பது தெரியாமலே போகும் அல்லவா, அதைப் போன்றது இது.

அப்படியானால் எதை முதலில் பார்ப்பது?

உட்புறத்தை. சட்டகம் எங்கிருந்து வளரத் தொடங்கியது என்பதுதான் மேல்நிலை வகைப்பாட்டின் திறவுகோல். ஸ்புமெல்லேரியா வரிசையில் நடுவே ஒரு நுண்கோளம் இருக்கும். அதைச் சுற்றி ஒன்றோ பலவோ ஓடுகள் ஆரைக் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கும். முள் நிறைந்த ரம்புத்தான் பழத்துக்குள் இன்னொரு சிறிய ரம்புத்தான், அதற்குள் இன்னொன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாமே கோளமாக இராது. வட்டு, மூன்று கை, நான்கு கை, வளையம் எனப் பல வடிவங்கள் இந்த வரிசையில் உண்டு.

நாசெல்லேரியா வரிசையில் நுண்கோளம் இல்லை. மேல்நுனியில் தலையறை என்னும் சிற்றறையும், அதற்குள் ஒரு நடுக்கம்பியிலிருந்து குறிப்பிட்ட திசைகளில் கிளைக்கும் நுண்முள் அமைப்பும் இருக்கும். மேல்நோக்கிச் செல்லும் கதிர், முதுகுப்புறக் கதிர், வயிற்றுப்புறக் கதிர், பக்கக் கதிர்கள் என ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துக் குறியீடு உண்டு. தலையறைக்குக் கீழே மார்பறை, வயிற்றறை, பின்னும் பல அறைகள் அடுக்கடுக்காகத் தொடரலாம். கோபுரத்து நிலைகளைப் போலக் கீழே போகப் போக அகன்று செல்வது வழக்கம்.

மூன்றாவதாக என்டாக்டினேரியா. வெளியே உருண்டை, உள்ளே நுண்கோளத்துக்குப் பதில் நுண்முள். இந்த மூன்றும் மீசோசோயிக்கில் உண்டு. இவற்றுக்கு முந்தைய பேலியோசோயிக் ஊழியில் முதன்மையாக இருந்த ஆல்பைல்லெல்லேரியா, பெர்மியன் முடிவில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆகவே கெடாக் கல்லில் அது நிறையக் கிடைத்தால், நீங்கள் இன்னும் டைனோசர் காலத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

சுருக்கமாகச் சொன்னால் உருண்டை ஸ்புமெல்லேரியா, கூம்பு நாசெல்லேரியா. சரிதானே?

பள்ளித் தேர்வுக்குச் சரி. நுண்ணோக்கிக்கு முன்னால் சரியன்று. மாணவியாக இருந்தபோது ஒரு தட்டில் இருந்த வழவழப்பான உருண்டைகள் அனைத்துக்கும் ஸ்புமெல்லேரியா என்று சீட்டு எழுதி ஒட்டினேன். மேற்பார்த்த ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல், உடைந்த ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். உருண்டையின் ஒரு முனையில், சுவருக்குள் அமிழ்ந்தபடி, ஒரு குட்டித் தலையறை இருந்தது. அத்தனை சீட்டுகளையும் கிழித்து மறுபடி எழுதினேன்.

அது ஹோலோக்ரிப்டோகேனியம். கிரிட்டேசியஸ் காலப் பாறைகளில் மலிந்து காணப்படும் இந்தப் பேரினத்தில், தலையறையும் மார்பறையும் பருத்த வயிற்றறைக்குள் புதைந்துவிடுகின்றன. வெளியே தெரிவது பந்து மட்டுமே. பவுலியன் டுமிட்ரிக்கா 1970இல், ருமேனியாவின் மீசோசோயிக் படிவுகளில் இருந்த இத்தகைய தலையறை மறைந்த வடிவங்களை விரிவாக எடுத்துக்காட்டினார். இதற்கு நேர்மாறான பொறி என்டாக்டினேரியா. உட்புறம் பார்க்காமல் அதை ஸ்புமெல்லேரியாவிலிருந்து பிரிக்க முடியாது; உட்புறம் கல்லால் நிரம்பிக் கிடந்தால் வல்லுநரும் தயங்குவார்.

உள்ளே எப்படிப் பார்ப்பீர்கள்? எக்ஸ்ரே எடுப்பீர்களா?

எடுப்பதுண்டு. நுண் சிடி ஸ்கேன் வசதி உள்ள இடங்களில், மாதிரியை உடைக்காமலே உட்கூட்டைப் படமாக்கலாம். அது வாய்க்காதபோது மூன்று எளிய வழிகள் உள்ளன: நல்ல பாதுகாப்புள்ள மாதிரியைப் பிசினில் பதித்து ஒளியை ஊடுருவச் செய்து பார்ப்பது, பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மென்தகட்டில் பார்ப்பது, தானாக உடைந்தவற்றைத் தேடி எடுப்பது. முழு மாதிரியை அனைவரும் விரும்புவார்கள். வகைப்பாட்டுக்காரருக்கோ பாதி உடைந்தது தங்கம். வெளிப்புற நுணுக்கத்துக்கு மேற்பரப்பில் மெல்லிய தங்கப்பூச்சு கொடுத்து வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள்.

மென்தகட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூம்பைக் குறுக்கே வெட்டினாலும் வட்டம்தான் தெரியும், உருண்டையை வெட்டினாலும் வட்டம்தான் தெரியும். ருஸ்ட் என்பவர் 1885இல் ஜுராசிக் ரேடியோலேரியாக்களை விவரித்தபோது அவருக்குக் கிடைத்தவை இத்தகைய வெட்டுமுகங்களே. அந்தக் காலத்துப் பெயர்களில் பலவற்றை இன்று உறுதியாக எந்த முப்பரிமாண வடிவத்தோடும் பொருத்த முடியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

வரிசை புரிந்தது. பேரினத்தையும் சிற்றினத்தையும் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

குடும்பம், பேரினம் என்று இறங்க இறங்க வெளிப்புற நுணுக்கங்களுக்கு எடை கூடும். ஸ்புமெல்லேரியாவில் முள்ளின் குறுக்குவெட்டு முக்கியம்: வட்டமா, மூன்று அலகுள்ளதா, நேரா, முறுக்கியதா. பான்டனெல்லியத்தில் பெரிய துளைச் சட்டங்கள் கொண்ட சிறு பந்தின் இரு துருவங்களிலும் மூன்றலகு முட்கள் நீளும். சாடர்னாலிடே குடும்பத்தில் அந்த முட்கள் ஒரு வளையத்தைத் தாங்கும். சனிக்கோளை நினைவூட்டும் பெயர் அதனால்தான். ஹாகியாஸ்ட்ரிடே குடும்பத்தாருக்குக் கைகளின் எண்ணிக்கையும் கையின் உள்ளே ஓடும் கால்வாய்களின் அடுக்கும் அடையாளம்.

பல அறை நாசெல்லேரியாவில் விலாக்களையும் துளைகளையும் கவனிக்க வேண்டும். ஆர்க்கியோடிக்டியோமிட்ராவில் விலாக்கள் மேலிருந்து கீழ்வரை இடைவிடாமல் ஓடும், துளைகள் அவற்றின் இடையே வரிசையாக நிற்கும். சூடோடிக்டியோமிட்ராவில் விலாக்கள் ஒவ்வோர் அறையிலும் தொடங்கி அங்கேயே நின்றுவிடும், துளைகள் அறைகள் சந்திக்கும் இடுக்கை ஒட்டி அமையும். முதல் பார்வையில் இரண்டும் இரட்டையர்.

சிற்றினத்தில்தான் சச்சரவு தொடங்குகிறது. இருபத்தைந்து மாதிரிகளை அளந்தால் விலாக்களின் எண்ணிக்கை படிப்படியாக மாறிச் செல்லும். ஒருவர் அதை மூன்று சிற்றினமாகப் பிரிப்பார், இன்னொருவர் ஒன்றாகச் சேர்ப்பார். இனக்கலப்பைச் சோதிக்க வழியில்லாத புதைபடிவத்தில் சிற்றினம் என்பது வடிவத்தைக் கொண்டு செய்துகொண்ட உடன்பாடு. வேறுபாடு வெவ்வேறு அடுக்குகளில் சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே பிரிக்க வேண்டும் என்ற கட்சியில் நான் இருக்கிறேன்.

திரியாசிக், ஜுராசிக், கிரிட்டேசியஸ் என்று பார்த்ததும் சொல்வீர்களா?

கூட்டமாகப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லலாம். தொடக்க திரியாசிக்கில் உலகெங்கும் செர்ட்டே அரிது. பெர்மியன் முடிவில் நேர்ந்த பேரழிவின் வடு அது. நடுத் திரியாசிக்கில் உயிரினங்கள் மீண்டு பெருகும்போது திரியாசோகாம்பே போன்ற அடுக்கு நாசெல்லேரியாக்களும், முறுக்கிய முட்கள் கொண்ட உருண்டைகளும் முன்வரும். கைநிறைய முறுக்கு முட்கள் கண்டால் திரியாசிக்கின் நடுப்பகுதியையும் பிற்பகுதியையும் முதலில் சந்தேகிப்பது என் வழக்கம். பிற்பகுதியில் காப்னுகோஸ்பேரா தனித்துத் தெரியும்.

திரியாசிக் முடிவில் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. கனடாவின் ஹைடா குவாய் தீவுகளில் அந்த எல்லை மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ளது. அதன்பின் ஜுராசிக்கில் பாராசூம், நடு ஜுராசிக்கிலிருந்து கதிர்க்கோல் போலப் பருத்த மிரிஃபியூசஸ், சிலுவை வடிவ எமிலூவியா. கிரிட்டேசியஸில் மேலே சொன்ன சூடோடிக்டியோமிட்ராவும் பந்து வடிவ ஹோலோக்ரிப்டோகேனியமும்; அதன் பிற்பகுதியில் அலியேவியம், ஆம்பிபிண்டாக்ஸ். இது கைக்குறிப்பு மட்டுமே. பல பேரினங்கள் கால எல்லைகளைத் தாண்டி வாழ்ந்தவை.

ஒரே ஒரு மாதிரி நல்லதாகக் கிடைத்தால் வயது சொல்லிவிடலாமா?

சொல்லலாம், ஆனால் நம்பக் கூடாது. ஒரு சிற்றினம் ஓரிடத்தில் முதலில் தோன்றும் அடுக்கு அது பூமியில் தோன்றிய கணம் அன்று. மெல்லிய சட்டகங்கள் கரைந்துபோய் முரடானவை மட்டும் எஞ்சியிருக்கலாம். பழைய சேறு அரிக்கப்பட்டுப் புதிய சேற்றோடு கலந்திருக்கலாம். பான்டனெல்லியம் நிறைந்த வெப்பக் கடலும் பார்விசிங்குலா என்னும் நாசெல்லேரியா நிறைந்த வடகடலும் ஒரே வயதில் வெவ்வேறு முகம் காட்டும். அதனால்தான் எந்தெந்தச் சிற்றினங்கள் ஒன்றாக வாழ்ந்தன, எவை ஒருபோதும் சேர்ந்து வரவில்லை என்பதைக் கணக்கிட்டுக் கால மண்டலங்கள் வகுக்கும் முறையை ஜான் கெக்ஸ் உருவாக்கினார். அம்முறையில் பாம்கார்ட்னரும் குழுவினரும் 1995இல் நடு ஜுராசிக் முதல் முன் கிரிட்டேசியஸ் வரை 22 மண்டலங்களை வெளியிட்டார்கள்.

வகைப்பாடு சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் சான்று. தென்மேற்கு ஜப்பானின் மலைகளில் உள்ள செர்ட்டும் சேற்றுப்பாறையும், அவற்றோடு கிடந்த சுண்ணப்பாறையின் புதைபடிவங்களை வைத்து நெடுங்காலம் பேலியோசோயிக் என்று கருதப்பட்டன. 1970களிலும் 80களிலும் ரேடியோலேரியாவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது செர்ட்டில் திரியாசிக்கும் ஜுராசிக்கும், சுற்றியிருந்த சேற்றுப்பாறையில் ஜுராசிக்கும் வெளிப்பட்டன. சுண்ணப்பாறைகள் பிற்காலச் சேற்றில் வந்து சிக்கிய பழைய துண்டுகள் என்று புரிந்தது; கடல்தட்டு கண்டத்தின் அடியில் செல்லும்போது வழித்தெடுக்கப்பட்டு ஒட்டிய குவியல்களே அம்மலைகள் என்ற விளக்கம் வலுப்பெற்றது.

பழைய நூலில் ஒரு பெயர், புதிய கட்டுரையில் வேறு பெயர். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் புதியவர், ஆனால் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஒரே உயிரிக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் முந்திய பெயரே நிற்கும். இது விலங்கியல் பெயரீட்டு விதி. சிற்றினத்தை வேறு பேரினத்துக்கு மாற்றினால் பெயரின் முதற்சொல் மாறும், இரண்டாம் சொல் பெரும்பாலும் தொடரும். மூல மாதிரியை மறுபடி படமெடுத்தபோது, பெயர் வைத்தவர் கண்டது வேறு, பின்வந்தோர் அப்பெயரால் அழைத்தது வேறு என்று தெரிய வந்த நேர்வுகளும் உண்டு.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க, லூயிஸ் ஓடோகர்ட்டியும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து மீசோசோயிக் பேரினங்கள் அனைத்துக்குமான படவிளக்கப் பட்டியலை 2009இல் வெளியிட்டார்கள். எந்தப் பெயர் செல்லும், எது மறுபெயர், எது ஐயத்துக்குரியது என்பதை அதில் பார்க்கலாம். ஒரு பெயரைச் சீட்டில் எழுதுவதற்கு முன் நான் திறப்பது அதைத்தான்.

சீட்டில் சிஎஃப், அஃப், எஸ்பி என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

அவை நேர்மையின் குறிகள். சிஎஃப் என்றால் இந்தச் சிற்றினமாக இருக்கலாம், மாதிரி மோசமாக இருப்பதால் உறுதி சொல்ல முடியவில்லை என்று பொருள். அஃப் என்றால் நெருங்கிய உறவுதான், ஆனால் அதுவே அன்று. எஸ்பி என்றால் பேரினம் மட்டும் தெரிகிறது. செமாங்கோல் செர்ட் போல மாற்றமடைந்த பாறையில் வேலை செய்பவரின் பட்டியலில் இக்குறிகள் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் பட்டியலைத்தான் நான் சந்தேகிப்பேன்.

டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடாதா?

மீசோசோயிக் சட்டகத்தில் டிஎன்ஏ இல்லை. இன்று வாழும் ரேடியோலேரியாவின் ஒற்றைச் செல்லிலிருந்து எடுத்த மரபணுத் தரவுகள் ஓர் அளவுகோலாக உதவுகின்றன: ரேடியோலேரியா ரைசேரியா என்னும் பெருங்கிளையில், ஃபொராமினிஃபெரா என்னும் ஓடுள்ள ஒற்றைச் செல் உயிரிகளுக்கு உறவாக நிற்கிறது; ஸ்புமெல்லேரியா, நாசெல்லேரியா என்னும் பிரிவினையையும் அத்தரவுகள் பொதுவாகத் தாங்குகின்றன. உட்கூட்டுக்கு முதலிடம் கொடுத்தவர்களுக்கு இது ஆறுதல். என்டாக்டினேரியா என்று நாம் அழைப்பது உண்மையில் ஒரே குடியா என்பதில்தான் ஐயம் வலுத்துள்ளது. இன்று வாழும் வழித்தோன்றல் இல்லாத மீசோசோயிக் குடும்பங்களுக்கோ சட்டகம் தவிர வேறு சாட்சியே இல்லை.

கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துக் கேட்டால் பெயர் சொல்லாதா?

பயிற்றுவிக்கப்பட்ட கணினி நிரல்கள், நன்கு பாதுகாக்கப்பட்ட இளைய படிவுகளின் ரேடியோலேரியாக்களைத் தரம்பிரிப்பதில் பயனுள்ளவையாக இருக்கின்றன. பொதுப் பயன்பாட்டுச் செயலியோ கண்ணால் தெரியும் வெளிவடிவத்தையே காண்கிறது. உருண்டைகளைப் பற்றி நான் மேலே சொன்ன கதையை அதுவும் நாள்தோறும் நடத்திக் காட்டும்.

டைனோசரை அழித்த விண்கல் இவற்றை ஏன் விட்டுவைத்தது?

முற்றாக விட்டுவைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மிதவை ஃபொராமினிஃபெரா ஏறத்தாழ அழிந்ததைப் போன்ற பேரிழப்பு ரேடியோலேரியாவுக்கு நேரவில்லை. நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதிப் பாறைகளில் எல்லைக்கு மேலும் சிலிக்கா உயிரிகள் செழித்திருப்பது தெரிகிறது. பல ரேடியோலேரியாக்கள் ஆழமான நீரிலும் வாழக்கூடியவை, உணவைப் பலவகையில் பெறக்கூடியவை என்பன காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. வகைப்பாட்டுக்கு இதன் விளைவு நேரடியானது: கிரிட்டேசியஸ் முடிவு எல்லையை ரேடியோலேரியாவை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது, திரியாசிக் முடிவு எல்லையைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

நான் ஒரு கல் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்வீர்களா?

கொண்டு வாருங்கள், ஆனால் கல்லை மட்டும் கொண்டு வராதீர்கள். எந்த இடம், எந்த அடுக்கு, அடுக்கின் மேற்பக்கம் எது, அது பாறையோடு ஒட்டியிருந்ததா, கீழே உருண்டு கிடந்ததா என்பதை எடுத்த இடத்திலேயே எழுதுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பை போதும். இரண்டு அடுக்கின் துண்டுகள் ஒரே பையில் உரசிக்கொண்டு வந்தால், ஒன்றாக வாழாதவை ஒன்றாக வாழ்ந்ததாகக் கணக்கு காட்டும். கைமுட்டி அளவில் இரண்டு துண்டு எடுத்து, அவற்றில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் தருவது மென்தகடாகத் தேய்ந்துவிடும்.